பெட்டியில் எழுதாத நோய்க்கு மருந்து: மெடிக்கல் கார்டில் ஒப்புதல் வாங்கும் முழு வழிகாட்டி

ஸ்பெஷலிஸ்ட் ஒரு மருந்தை எழுதித் தருகிறார். அந்த மருந்து மலேசியாவில் பதிவாகியிருப்பதோ வேறொரு நோய்க்கு. இதை ஆஃப்-லேபில் என்கிறார்கள். சிறுநீரகம், நரம்பு, தோல், மூட்டு என்று நீண்டநாள் நோய்கள் பலவற்றில் இது வழக்கமாக நடப்பதுதான். டாக்டர் அப்படி எழுதுவதற்குத் தடையும் இல்லை. கவுண்டரில் மெடிக்கல் கார்டை, அதாவது மருத்துவக் காப்புறுதி அட்டையை, நீட்டும்போதுதான் "இது கவர் ஆகாது" என்று பதில் வரும்.

என் மனைவிக்கு மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய். ரிட்டுக்சிமாப் ஏற்றவேண்டும் என்றார் டாக்டர். அந்த மருந்துக்காக இந்த வழி முழுவதையும் நடந்தோம். அப்புறம் சொந்தக்காரர்கள், கோயில் பழக்கத்தில் வந்தவர்கள் என்று பலருடைய ஃபைலைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மறுப்பு வந்ததும் மருந்து நல்லது, டாக்டர் பெரியவர் என்று வாதாடப் போய்விடுவார்கள். மறுப்புக் கடிதத்தில் காப்புறுதிக் கம்பெனி சொல்லியிருக்கும் காரணம் வேறாக இருக்கும். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த விதிக்கு மட்டும் பதில் சொல்வதுதான் இதில் பாதி வேலை.

கீழே உள்ளது தனிநபர் மெடிக்கல் கார்டு வைத்துக்கொண்டு கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கான வரிசை. வேலை பார்க்கும் கம்பெனி தந்த கார்டு வைத்திருப்பவர்கள் 9ஆம் பகுதியையும் பாருங்கள்.

1. முதலில் பாலிசியைப் படியுங்கள், கார்டை அல்ல

கையில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டும் ஏஜெண்ட் கொடுத்த வண்ணத் தாளும் ஒப்பந்தம் ஆகாது. முழு பாலிசி ஒப்பந்தத்தை காப்புறுதி நிறுவனத்தின் இணையக் கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தக்காஃபுல் எனப்படும் இஸ்லாமிய முறைக் காப்புறுதி என்றாலும் இதே வேலைதான்.

அதில் நான்கு இடங்களைத் தேடுங்கள். "மருத்துவமனை அனுமதி" என்றால் என்ன என்ற விளக்கம் ஒன்று. "மருத்துவரீதியாக அவசியமானது" என்பதற்கான விளக்கம் இரண்டாவது. விலக்குகள் பகுதியில் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை, பதிவாகாத மருந்து பற்றிய வரி மூன்றாவது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் பற்றிய வரி நான்காவது. மறுப்பு பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் வரும். "ஆஃப்-லேபில்" என்ற சொல்லே இல்லாத பாலிசிகளும் உண்டு. அப்போது கம்பெனி இரண்டாவதையோ மூன்றாவதையோதான் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊர் மெடிக்கல் கார்டு அடிப்படையில் வார்டில் சேர்வதற்கும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சையில் புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் தனிச் சலுகை இருக்கும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆகவே உங்கள் மருந்து மாதாமாதம் ஃபார்மசியில் வாங்கும் மாத்திரை என்றால், அது லேபிலுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் தனிநபர் கார்டு பணம் தருவது அரிது. வார்டிலிருந்து வீடு திரும்பிய பின் குறிப்பிட்ட நாள்வரை தொடர் சிகிச்சைச் செலவைத் தரும் சலுகை உங்கள் பாலிசியில் இருந்தால், அந்த நாள்களுக்குள் வாங்கும் மாத்திரைக்குக் கேட்கலாம். அதைத் தாண்டி அந்த வாசலில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். 9ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஆண்டு வரம்பு எவ்வளவு, உங்கள் பங்காகக் கட்டவேண்டிய தொகை உண்டா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் முதல் இப்படிப் பங்கு கட்டும் திட்டங்களையும் நிறுவனங்கள் விற்றாகவேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதி வைத்திருக்கிறது. அண்மையில் எடுத்த கார்டு என்றால் அந்த வகையாக இருக்கலாம்.

2. மருந்தின் பதிவைச் சரிபாருங்கள்

பதிவே ஆகாத மருந்து வேறு, பதிவான மருந்தை வேறு நோய்க்குக் கொடுப்பது வேறு. கவுண்டரில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். பதிவே இல்லாத மருந்து என்றால் இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும், காப்புறுதியில் நுழைவதும் மிகக் கடினம். ஆகவே உங்களுடையது இரண்டாவது வகை என்று காகிதத்தில் காட்டவேண்டும்.

சுகாதார அமைச்சின் கீழ் மருந்துகளைப் பதிவுசெய்யும் என்.பி.ஆர்.ஏ. அமைப்பின் இணையத்தளத்தில் குவெஸ்ட் 3 பிளஸ் என்ற தேடல் இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். விலக்குப் பட்டியலில் "பதிவாகாத மருந்து" என்று இருந்தால், அந்த ஒரு தாளே அதற்குப் பதில்.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. பதிவு பிராண்ட் வாரியாக நடக்கிறது. ஒரே மூலப்பொருள் கொண்ட இரண்டு பிராண்டுகளில் ஒன்றுக்கு மட்டும் கூடுதல் நோய் பதிவாகியிருக்கலாம். பதிவான மருந்துக்குப் பிற்பாடு புது நோயைச் சேர்ப்பதும் நடக்கும், அவற்றையும் என்.பி.ஆர்.ஏ. வெளியிடுகிறது. டாக்டர் எழுதிய பிராண்டையும் மற்ற பிராண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் நோய் ஒன்றில் இருந்தால், "டாக்டர், இந்த பிராண்டுக்கு மாற்றலாமா?" என்று கேட்டாலே விஷயம் முடிந்துவிடலாம். அப்புறம் அது ஆஃப்-லேபிலே அல்ல.

கூடவே சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலையும் பாருங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் எந்த மருந்தை எந்த நோய்க்கு, எந்த நிலை டாக்டர் எழுதலாம் என்று அதில் இருக்கும். உங்கள் நோய் அதில் இருந்தால், "பரிசோதனை நிலை" என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிடும்.

3. நோயின் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

இது டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நடக்கவேண்டிய வேலை. முதல் அறிகுறி, முதல் கிளினிக், முதல் ரத்தப் பரிசோதனை, நோய் உறுதியான நாள், ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய நாள், நிறுத்திய நாள், நிறுத்திய காரணம். பக்கத்திலேயே பாலிசி தொடங்கிய நாளையும் எழுதுங்கள்.

காரணம் இதுதான். ஒப்புதல் படிவத்தில் "அறிகுறி எவ்வளவு காலமாக இருக்கிறது" என்று ஒரு கட்டம் உண்டு. நாம் நர்ஸிடம் பேச்சுவாக்கில் "ரொம்ப வருஷமாவே கால் வீங்கும் சிஸ்டர்" என்று சொல்லிவைப்போம். அது அப்படியே படிவத்தில் ஏறும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததால் வந்த வீக்கமும் இப்போதைய சிறுநீரக வீக்கமும் ஒன்றாகிவிடும். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று மறுப்பு வரும். அதைத் திருத்த மறுபடி கிளினிக் கிளினிக்காக அலையவேண்டும்.

உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பாலிசியே போகலாம். தேதியோடு, துல்லியமாகச் சொல்லுங்கள் என்கிறேன். நினைவில் இல்லாததை ஊகித்துச் சொல்லாமல், "பழைய கிளினிக் கார்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதில் தவறில்லை.

இந்தக் கட்டத்தில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "அண்ணே, இதைவிட நல்ல பிளான் வந்திருக்கு, மாத்திடலாம்" என்று ஏஜெண்ட் வருவார். நீண்டநாள் நோய் உறுதியான பிறகு பழைய கார்டை ரத்துசெய்து புதிது எடுத்தால், அந்த நோய் புதுக் கார்டுக்கு முன்பே இருந்த நோயாகிவிடும். காத்திருப்புக் காலமும் புதிதாகத் தொடங்கும். பழையதை விடாதீர்கள்.

4. ஃபைலைக் கட்டுங்கள்

தேவையானவை: பயாப்ஸி அல்லது நோயை உறுதிசெய்த அறிக்கை, தேதி வாரியாக ரத்த, சிறுநீர் முடிவுகள், ஏற்கெனவே எடுத்த மருந்துகளின் பட்டியல், வார்டில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் கடிதங்கள், குவெஸ்ட் 3 பிளஸ் அச்சு, மருத்துவமனை தந்த செலவு மதிப்பீடு. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஒரு செட் போட்டோஸ்டேட்டும் எடுத்துவையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவராதீர்கள்.

முடிவுகளை ஒரு சிறு அட்டவணையாக்கினால் படிக்கிறவருக்கு எளிது. மெம்பிரேனஸ் நோய்க்கு என்றால் சிறுநீரில் போகும் புரதம், ரத்த அல்புமின், கிரியேட்டினின், பி.எல்.ஏ.2.ஆர். ஆன்டிபாடி, இந்த நான்கும் போதும். அல்புமின் இறங்கிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியவேண்டும். இருபது பக்க லேப் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பினால் யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை.

மருந்து ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டிய பாதுகாப்புப் பரிசோதனைகளையும் இப்போதே முடித்துவிடுங்கள். ரிட்டுக்சிமாப் என்றால் ஹெப்பாடிட்டிஸ் பி பார்த்தே ஆகவேண்டும். பழைய கிருமி மறுபடி கிளம்பும் ஆபத்து உண்டு. அந்த முடிவு ஃபைலில் இல்லாவிட்டால் கம்பெனி அதைக் கேட்கும், ஒரு வாரம் அப்படியே போய்விடும்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மருந்து, அறை, டாக்டர் கட்டணம், ஏற்றும் கட்டணம் தனித்தனியாக இருக்கட்டும். 2025 மே முதல் தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்து விலையைக் காட்டவேண்டும் என்ற விதி இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது முன்பைவிட எளிது. பயோசிமிலர், அதாவது அசல் உயிரியல் மருந்துக்கு நிகராகப் பதிவான மலிவு வகை கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆண்டு வரம்பு சிறியதாக இருந்தால் இதுவே உங்களைக் காப்பாற்றும்.

5. டாக்டரின் கடிதம்: இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்

ஸ்பெஷலிஸ்டுகளுக்கு நேரம் இருக்காது. "இந்த நோயாளிக்கு இந்த மருந்து தேவை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அந்த இரண்டு வரியை நம்பி அனுப்பினால் மறுப்பு நிச்சயம். முதல் கடிதம் பலவீனமாக இருந்தால் மேல்முறையீட்டிலும் அதன் நிழல் தொடரும். ஆகவே அவசரப்படாமல், தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் எடுத்து, நீங்களே குறிப்புகளைத் தயாரித்துக்கொண்டு போங்கள். "டாக்டர், இந்த விவரமெல்லாம் கடிதத்தில் வந்தால் உதவியாக இருக்கும், பார்த்துத் திருத்திக்கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. மருத்துவ அறிக்கைக்கு மருத்துவமனை கட்டணம் வாங்கும்; அதற்குத் தயங்காதீர்கள்.

கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கட்டும். முதல் பத்தியில் நோயின் முழுப் பெயர், எப்படி உறுதியானது, இப்போது எவ்வளவு தீவிரம். எண்கள் இருக்கவேண்டும். "கடுமையான" என்ற சொல்லைவிட, அல்புமின் இத்தனையிலிருந்து இத்தனைக்கு இறங்கியது என்பது ஆயிரம் மடங்கு பலம்.

அடுத்து, லேபிலுக்குள் இருக்கும் வழிகள் ஏன் போதவில்லை. எந்த மருந்து, எவ்வளவு அளவு, எத்தனை மாதம், என்ன ஆயிற்று. கொடுக்கவே முடியாத மருந்து என்றால் ஏன் என்று எழுதவேண்டும்: சைக்ளோஃபாஸ்ஃபமைட் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம், சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்துக்கே கெடுதல் செய்யலாம், நீரிழிவு உள்ளவருக்கு ஸ்டீராய்ட் சர்க்கரையை ஏற்றிவிடும். மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி "மாற்று வழி இல்லையா" என்பதுதான். அதற்குப் பதில் இந்தப் பத்தியில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, ஆதாரம். இங்கே தரவரிசை உண்டு. சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியில் உங்கள் நோயும் மருந்தும் இருந்தால் அதுதான் முதலில். உள்ளூர் ஆதாரத்தைத் தள்ளுவது கடினம். அடுத்து அனைத்துலக வழிகாட்டி. அதன்பிறகே தனி ஆய்வு. எங்கள் கடிதத்தில் சிறுநீரக நோய்களுக்கான கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பின் 2021 வழிகாட்டி இருந்தது. ஆபத்து கூடிய மெம்பிரேனஸ் நோயாளிகளுக்கு ரிட்டுக்சிமாபை அது ஒரு வழியாகச் சொல்கிறது. பின்னால் 2019இல் வெளியான மென்டார் ஆய்வு. 130 பேரில் பாதிப்பேருக்கு ரிட்டுக்சிமாப், பாதிப்பேருக்கு சைக்ளோஸ்போரின். 24ஆம் மாதத்தில் நோய் தணிந்த நிலையில் இருந்தவர்கள் ரிட்டுக்சிமாப் பக்கம் 60 விழுக்காடு, மறுபக்கம் 20 விழுக்காடு. அவ்வளவு போதும். பதினைந்து கட்டுரைகளை இணைத்தால் பலம் கூடாது, வாசிப்பவருக்கு அலுப்புதான் கூடும்.

எதிர் ஆதாரம் இருந்தால் அதையும் டாக்டரே எடுத்துப் பேசவேண்டும். உதாரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய். ரிட்டுக்சிமாபை லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்த எக்ஸ்புளோரர், லூனார் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளும் தங்கள் முதன்மை இலக்கை எட்டவில்லை. கம்பெனியின் மருத்துவ ஆலோசகர் இதைத் தேடிப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. "அந்த ஆய்வுகள் பொதுவான நோயாளிகளைப் பற்றியவை, இந்த நோயாளி வழக்கமான மருந்துகள் எல்லாம் தோற்றுப்போனவர், இப்படிப்பட்டவர்களுக்கு வழிகாட்டிகள் என்ன சொல்கின்றன" என்று கடிதம் முந்திக்கொண்டால், அந்த வாதம் மறுபக்கம் போகாது. உங்கள் மருந்துக்கு இப்படி ஏதாவது உண்டா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

நான்காவது, திட்டம். எவ்வளவு அளவு, எத்தனை முறை, எந்த நாள், பலன் தெரிகிறதா என்று எப்போது எதைப் பார்த்து முடிவுசெய்வார், பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவார். மென்டார் ஆய்வில் ஒரு கிராம் வீதம் இரண்டு முறை, 14 நாள் இடைவெளியில் ஏற்றினார்கள். நிறுத்தும் நிபந்தனை எழுதியிருந்தால், முடிவில்லாத செலவு என்ற பயம் கம்பெனிக்குக் குறையும்.

கடைசியாக, எங்கே ஏற்றுவது, ஏன் அங்கே. இதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

6. வார்டா, டே கேரா

ரிட்டுக்சிமாப் போன்றவற்றை டே கேரில் நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றி, மாலையில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. மருத்துவத்தில் அது சரி. பாலிசியில் அது வெளிநோயாளி சிகிச்சையாகக் கணக்காகி, மருந்து லேபிலுக்குள் இருந்தாலும் மறுப்பு வரலாம். இதை ஆஃப்-லேபில் மறுப்பு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரை தேடியவர்கள் உண்டு.

முதல் பகுதியில் குறித்த "மருத்துவமனை அனுமதி" விளக்கத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். டே கேர் சிகிச்சைக்கு உங்கள் பாலிசியில் இடம் இருக்கிறதா? இருந்தால் எந்த நிபந்தனையோடு? இருந்தால் அந்தப் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

இல்லாவிட்டால், வார்டில் சேரவேண்டிய மருத்துவக் காரணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். முதல் முறை ஏற்றும்போதுதான் ஒவ்வாமை போன்ற எதிர்வினை அதிகம் வரும். இதயக் கோளாறு உள்ளவர், மூச்சுப் பிரச்சினை உள்ளவர், தனியாக வசிக்கும் முதியவர் என்றால் ராத்திரி கவனிப்பு தேவைப்படலாம். அந்தக் காரணம் கடிதத்தில் வரட்டும். காரணமே இல்லாமல் "கார்டுக்காக ஒரு ராத்திரி படுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேவையற்ற அனுமதி என்று அதையும் மறுப்பார்கள். அறைக்கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

7. ஜி.எல். கேளுங்கள், அவசரமில்லாத நாளில்

பில்லைத் தான் கட்டுவதாகக் காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதம்தான் ஜி.எல். அதை நீங்கள் நேரடியாகக் கேட்பதில்லை. மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டர் வழியாகப் போகும். டாக்டர் ஒரு படிவம் நிரப்புவார். ஏற்றும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஏற்றவேண்டிய காலையில் வந்து கார்டைக் கொடுத்தால், மறுமுனையில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் விலக்குப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். அவர் மருத்துவர் அல்ல. உங்கள் ஃபைல் மருத்துவ ஆலோசகரிடம் போக நேரம் வேண்டும்.

கவுண்டர் அக்காவிடம் படிவத்தோடு டாக்டரின் முழுக் கடிதத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். படிவம் மட்டும் போய், கடிதம் ஃபைலிலேயே தங்கிவிடுவது நான் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறு. "கடிதமும் போயிடுச்சா அக்கா?" என்று கேட்டு, அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பி.டி.எஃப்.ஐ நீங்களும் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்புங்கள்.

ஏஜெண்ட் உதவுவார், தொலைபேசியில் விரட்டுவார். முடிவு அவர் கையில் இல்லை. "கண்டிப்பா கிடைக்கும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் போட்டதை நம்பி மருந்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஜி.எல். கிடைத்தாலும் அதில் உள்ள வரிகளைப் படியுங்கள். தொடக்கத் தொகைக்கு மட்டும் உத்தரவாதம், இறுதி முடிவு பிறகு என்று இருக்கும். மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. மறுத்தால்

ஜி.எல். மறுக்கப்பட்டது என்றால் கிளேம் மறுக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. முதலில் கட்டிவிட்டு அப்புறம் கிளேம் போடும் வழி திறந்தே இருக்கிறது. சிகிச்சை தள்ளிப்போடக் கூடாதது என்றால், கையில் பணமும் இருந்தால், அந்த வழியில் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் விவரமான பில், ரசீது, டிஸ்சார்ஜ் கடிதம் எல்லாம் கிடைக்கும் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளேம் படிவத்துக்கு பாலிசியில் நாள் கெடு உண்டு. 30 நாள் என்பது பலவற்றில் இருக்கிறது.

எந்த வழியானாலும் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். "பாலிசியின் எந்தப் பிரிவின் கீழ், எந்தக் காரணத்துக்காக" என்ற கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து எங்கேயும் போகமுடியாது.

பதில் வந்ததும் அந்தப் பிரிவுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வெளிநோயாளி என்றால் அனுமதிக்கான மருத்துவக் காரணம். பரிசோதனை நிலை என்றால் பதிவு எண்ணும் வழிகாட்டிகளும். அவசியமில்லை என்றால் தோற்ற மருந்துகளின் அட்டவணை. முன்பே இருந்த நோய் என்றால் தேதித் தாளும் முதல் கிளினிக் அறிக்கையும். நான்கையும் கலந்து எழுதினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப்போய், புதுக் கேள்வியை நாமே எடுத்துக்கொடுப்போம்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் இரண்டு கோரிக்கை: அதே துறை ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் இந்த ஃபைலைப் பார்க்கவேண்டும், தேவைப்பட்டால் அவர் என் டாக்டரோடு நேரடியாகப் பேசட்டும். டாக்டரும் டாக்டரும் பத்து நிமிடம் பேசினால் தீரக்கூடியதைத்தான் நாம் மாதக்கணக்கில் காகிதத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதுவும் பலிக்காவிட்டால் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாகக் கேளுங்கள். அதன்பிறகு, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்த அமைப்பு 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உள்ள கோரிக்கைகளைப் பார்ப்பார்கள். புகார் கொடுத்து 60 நாள் ஆகியும் நிறுவனம் பதிலே சொல்லாவிட்டாலும் போகலாம். நேராக அங்கே போனால் "முதலில் நிறுவனத்திடம் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள், ஆகவே படி தாண்டாதீர்கள்.

நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்தால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம். கிளேமைக் கொடு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, ஆனால் எங்கே எப்படிப் போகவேண்டும் என்று வழி காட்டுவார்கள்.

9. கம்பெனி கார்டு, அரசாங்க மருத்துவமனை, மற்ற கதவுகள்

கம்பெனி கார்டில் சட்டம் வேறு. வெளிநோயாளி ஸ்பெஷலிஸ்ட் சலுகை அதில் இருக்கலாம். சில முதலாளிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்துக்கு மட்டும் ஓர் ஏஜென்சியை வைத்திருப்பார்கள். அங்கே முடிவு எடுப்பது மனிதவளத் துறை. ஆகவே மறுப்பு வந்தால் ஹெச்.ஆரிடம் "இது காப்புறுதியா, கம்பெனிப் பணமா?" என்று முதலில் கேளுங்கள். கம்பெனிப் பணம் என்றால் சிறப்பு அனுமதி கேட்டு ஒரு கடிதமே போதுமாக இருக்கலாம். நோய் விவரத்தை ஆபீஸில் எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி வழி அடைத்தால் அரசாங்க மருத்துவமனையைக் கடைசித் தேர்வாக நினைக்காதீர்கள். என் கருத்தில் நீண்டநாள் நோய்க்கு அதை முதலிலிருந்தே பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்கு மருத்துவமனையிலும் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் குடிமக்களுக்கு, தனியார் டாக்டரின் ரெஃபரலோடு போகும் முதல் முறை 30 வெள்ளி, அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி. பட்டியலுக்கு வெளியே உள்ள பயன்பாட்டுக்குச் சிறப்பு அனுமதி கேட்கும் நடைமுறை அங்கே இருக்கிறது. அதை டாக்டரும் ஃபார்மசியும் சேர்ந்து செய்வார்கள். காத்திருப்பு நீளம் என்பது உண்மைதான். அதனால்தான் தனியார் டாக்டரிடமிருந்து ரெஃபரல் கடிதத்தை ஜி.எல். கேட்கும் அதே வாரத்தில் வாங்கிவிடச் சொல்கிறேன். நீங்கள் கட்டிய ஃபைல் அங்கேயும் அப்படியே பயன்படும்.

நீங்களே வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அரசாங்க மருத்துவமனை சொல்லும் மருந்துக்கு, அங்குள்ள மருத்துவச் சமூகநலப் பிரிவின் வழியாக சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பார்ப்பார்கள், சம்பளச் சீட்டு, குடும்ப உறுப்பினர் விவரம் எடுத்துப்போங்கள். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.இல் செஜாத்ரா கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்கும் வழியும் உண்டு, அதற்கு நோய்ப் பட்டியல் இருக்கிறது.

வருமான வரிக் கழிவை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடும் நோய்களுக்கான 10,000 வெள்ளிக் கழிவு சட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட நோய்களுக்கும் அவற்றைப் போன்ற கடும் நோய்களுக்கும்தான். சிறுநீரகச் செயலிழப்பு அதில் இருக்கிறது. அங்கே போய்விடாமல் தடுக்கத்தான் இந்த மருந்தே ஏற்றுகிறோம், ஆனால் அந்த நிலைக்கு முந்திய நோயின் பெயர் அதில் இல்லை. என்ன சொல்ல!

10. ஒப்புதல் வந்தபின்

ஒப்புதல் ஒரு சுற்றுக்குத்தான். முதல் டோஸுக்கு ஜி.எல். வந்தால் 14 நாள் கழித்து வரும் இரண்டாவதுக்கும் சேர்த்தே வந்ததா என்று கேளுங்கள்; இல்லாவிட்டால் முதல் டோஸ் முடிந்த மறுநாளே அடுத்ததற்கு விண்ணப்பம் போகட்டும்.

ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த முடிவுகளை அதே அட்டவணையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆறு மாதத்தில் மறுபடி ஏற்றவேண்டி வந்தால், பழைய ஆய்வுகளைவிட உங்கள் சொந்த எண்கள்தான் பேசும். டாக்டரின் புதுக் கடிதத்தில் முந்திய ஒப்புதலின் எண்ணும் தேதியும் இருக்கட்டும், அப்போது மறுமுனையில் இருப்பவர் புதிதாகத் தொடங்காமல் பழைய ஃபைலைத் திறப்பார்.

பிராண்ட் மாறினால், மருத்துவமனை மாறினால், ஏற்றும் இடம் வார்டிலிருந்து டே கேருக்கு மாறினால், முந்திய ஒப்புதலைக் காட்டி நுழையமுடியாது. 2ஆம் பகுதியும் 6ஆம் பகுதியும் மறுபடி.